ஐம்பத்து நான்காம் இடம்



அமெரிக்க உதைபந்தாட்டம் எமக்கு அதிகம் பழக்கமில்லாத விளையாட்டு. பெயரளவில் உதைபந்தாட்டமாயினும், பார்வைக்கு அது எமது றகர் ஆட்டத்துக்கே நெருங்கியது. அந்நாட்டின் தேசிய லீக்கில் ஒவ்வோர் அணியும் பயிற்சி முகாமுக்குச் சுமார் 90 வீரர்களை அழைத்து, பருவகாலம் தொடங்குமுன் 53 பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை அனுப்பிவிடும். நட்சத்திர வீரர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. அணிவிட்டு அணி மாறி, ஆண்டுதோறும் ஒப்பந்தம் தேடி அலையும் சாதாரண வீரர்களுக்கோ அது தீர்ப்பு நாள்.

டெவொன் ஸ்டில் அத்தகைய ஒருவர். தற்காப்பு வரிசையின் நடுவே நின்று எதிரணியின் முன்னேற்றத்தை மறிப்பது அவரது பணி. பந்தைத் தொடும் வாய்ப்புக்கூட அரிதான இடம் அது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக அணியில் பெயர்பெற்ற அவரை, 2012இல் சின்சினாட்டி பெங்கல்ஸ் அணி இரண்டாம் சுற்றில் தெரிவுசெய்தது. எதிர்பார்த்த உயரத்தை அவர் எட்டவில்லை. 2014 ஜூனில் அவரது நான்கு வயது மகளுக்கு நியூரோபிளாஸ்டோமா எனும் புற்றுநோய் நான்காம் கட்டத்தில் இருப்பது கண்டறியப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் வெளியான 53 பேர் பட்டியலில் அவரது பெயர் இருக்கவில்லை.

அதற்காக அவர் அணியை நொந்துகொள்ளவில்லை. தமது சிந்தை முழுவதும் விளையாட்டில் இல்லை என்பதையும், அணிக்கு வேண்டியது அதுவே என்பதையும் அவரே வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். அவரை அச்சுறுத்தியது வேறொன்று. அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாக மருந்தெடுத்து வளர்ந்த எமக்கு இது விளங்கக் கடினமானது: அமெரிக்காவில் பெருந்தொகையான குடும்பங்களின் மருத்துவக் காப்புறுதி, தாய் தந்தையரின் தொழிலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. தொழில் போனால், நோயுற்ற பிள்ளையின் காப்புறுதியும் ஆட்டம் காணும்.

சில நாட்களுக்குள் பெங்கல்ஸ் அணி அவரைத் தனது பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொண்டது. போட்டிகளில் ஆடாது, பயிற்சியில் மட்டும் துணைநிற்போரின் குழு அது. அன்று வாரத்துக்குக் குறைந்தபட்சம் 6,300 டொலர் ஊதியம். காப்புறுதி தொடர்ந்தது. செப்டெம்பரிலேயே அவரை மீண்டும் போட்டி அணிக்கு உயர்த்தினர். அவரது 75ஆம் இலக்க ஜேர்சியை விற்று வரும் வருமானத்தைச் சின்சினாட்டி சிறுவர் வைத்தியசாலைக்கு வழங்க அணி தீர்மானித்தபோது, நியூ ஓர்லியன்ஸ் அணியின் பயிற்றுநர் சோன் பேய்ற்றன் ஒருவரே 100 ஜேர்சிகளை வாங்கினார். 10 இலட்சம் டொலருக்கும் மேல் சேர்ந்தது. 2015 மார்ச்சில், மகளின் உடலில் நோய் தென்படவில்லை என்ற நற்செய்தி அந்தத் தந்தைக்குக் கிடைத்தது.

இது விளம்பரம் தேடும் முயற்சி என்று முணுமுணுப்போரும் இருக்கலாம். இருக்கட்டும். திராட்சைத் தோட்ட உரிமையாளரைக் குறித்தும் முணுமுணுத்தார்களே! மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தை வாசிக்கையில், மாலைவரை சந்தைவெளியில் நின்றவர்களை நாம் சோம்பேறிகளாகவே எண்ணிவிடுகிறோம். தம்மை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்பதே அவர்கள் தந்த விடை. ஒரு தெனாரியம் அக்காலத்தில் ஒரு கூலியாளின் நாட்கூலி. ஒரு குடும்பத்தின் ஒருநாட் சீவனம். கடைசி மணிநேரத்தில் வந்தவனின் பிள்ளைகளுக்கும் பசி அதே அளவுதான். உரிமையாளர் அளந்தது வேலையை அல்ல, அந்தப் பசியை.

ஆயினும், இக்கதையை ஈகையின் வெற்றியாக மட்டும் வாசிக்க என் மனம் இடந்தரவில்லை. ஊதியம் என்பது தொழிலாளியையும் அவனது குடும்பத்தையும் தாங்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்ற நோக்கைப் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலிலேயே முன்வைத்தார். தொழிலாளருக்கு மருத்துவ உதவி எளிதாகவும், இயன்றவரை மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்க வேண்டும் என்று புனித 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் எழுதினார். இவற்றைத் திருச்சபை இரக்கத்தின் பேரால் அல்ல, நீதியின் பேரால் கேட்கிறது. ஸ்டில் ஒரு பிரபலமான விளையாட்டின் வீரர். அவரது இலக்கம் பொறித்த சட்டையை வாங்கப் பல்லாயிரம் பேர் இருந்தனர். அவரது மகளுக்கு அடுத்த கட்டிலில் இருந்த பிள்ளையின் தந்தை ஒரு களஞ்சியக் காவலாளியாக இருந்திருந்தால்?

எமது பத்திரிகைகளிலும் சத்திரசிகிச்சைக்கு நிதி கோரும் அறிவித்தல்கள் வருகின்றன. புகைப்படத்தில் பிள்ளையின் முகம் மனதைத் தொட்டால் கொடுக்கிறோம். கொடுப்பது நல்லது, கொடுங்கள். ஆனால் புகைப்படம் எடுத்து அனுப்பவும் ஆளில்லாத குடும்பங்கள் எமது பங்குகளிலேயே உண்டு.

ஸ்டில்லின் எஞ்சிய விளையாட்டு வாழ்வு சுருக்கமானது. 2015 செப்டெம்பரில் பெங்கல்ஸ் அவரை விடுவித்தது. 2016இல் ஹியூஸ்டன், 2017இல் நியூயோர்க் ஜெட்ஸ் என அணிகள் மாறின. அவ்வாண்டு டிசெம்பரில் ஓய்வை அறிவித்தார். அவரைக் குறைந்த ஊதியத்திலேனும் அணியில் வைத்திருக்க ஒருவர் முடிவெடுத்த அந்த ஆகஸ்ட் இறுதி நாட்களைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணுகிறேன். அத்தகைய முடிவெடுக்கும் இடத்தில் உங்களில் பலர் இருக்கிறீர்கள். கடை, பட்டறை, அச்சகம் என நாலு பேருக்கேனும் தொழில் கொடுப்பவர்கள். ஊழியர் சேமலாப நிதிக்குரிய பங்கைச் செலுத்துகிறீர்களா என்பதை உங்கள் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன். பிள்ளைக்குச் சுகமில்லை என்று கடந்த மாதம் வராமல் நின்ற ஊழியரின் சம்பளப் பதிவை மட்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எத்தனை நாட்கூலியை வெட்டினோம் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும்.