விண்மீனை நோக்கும் சிறு கோள்



தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலேறும் நம் பிள்ளைகள் நாள்தோறும் கடந்து செல்லும் குரோம்பேட்டையில் ஒரு செயற்கைக்கோள் உருவானதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அங்குள்ள எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 40 கிலோ எடையுள்ள 'அனுசாட்', 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணேகியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள் அதுவே. இராமேஸ்வரத்து அப்துல் கலாம் 1950களில் விமானப் பொறியியல் பயின்றதும் இதே கல்லூரியில்தான். பின்னர் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் கோள் 2011இலும், சோழிங்கநல்லூர் சத்தியபாமா பல்கலைக்கழகத்தின் ஒன்றரைக் கிலோ கோள் 2016இலும் சென்றன.

முதலாவது செய்திகளைப் பெற்று அனுப்பும் கோள். மற்றவை காற்றிலுள்ள பசுங்குடில் வாயுக்களை அளக்கச் சென்றவை. மூன்றில் ஒன்றேனும் விண்மீன்களை நோக்கவில்லை.

அதற்கெனச் செய்யப்பட்ட இரு சிறு கோள்கள் அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 பிப்ரவரி 25 அன்று ஏவப்பட்டன. ஒன்று ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் செய்தது; மற்றது வியன்னா பல்கலைக்கழகத்துக்காகக் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்டது. ஆஸ்திரியாவின் முதல் செயற்கைக்கோள்கள் இவையே. 'பிரைட்' என்னும் திட்டத்தைச் சேர்ந்த இவை ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர் கனசதுரம். தொலைநோக்கியின் வாயோ 3 சென்டிமீட்டர்தான். ஒன்று நீல ஒளியிலும் மற்றது சிவப்பொளியிலும் பார்த்தது. ஏறத்தாழ 100 நிமிடத்துக்கொரு முறை பூமியைச் சுற்றியபடி, வெறுங்கண்ணுக்குத் தெரியும் பெரிய மீன்களின் ஒளி கூடிக் குறைவதை மாதக்கணக்கில் அளந்தன. தரையிலிருந்து அளந்தால் காற்று ஒளியை நடுங்கச் செய்யும், பகல் குறுக்கிடும். மீன் ஒளிரும் துடிப்பைக் கொண்டே அதன் உட்புறம் எத்தகையது என ஆய்வோர் கணிக்கின்றனர்.

இது நமக்கு அந்நியமான வேலையன்று. அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964ஆம் ஆண்டு எழுதிய நூலில் ஒவ்வொரு மீனின் ஒளியையும் கண்ணால் மதிப்பிட்டுத் தரம் பிரித்தார். பிரைட் கோள்கள் தொடக்கத்தில் நோக்கிய பகுதிகளுள் ஒன்றான ஓரியனில் 'ரீகல்' என்றொரு மீன் உண்டு. அது 'ரிஜ்ல்', அதாவது கால், என்ற அரபுச் சொல்லே. முதலாண்டு மதரஸா மாணவனும் பொருள் சொல்லிவிடுவான். வானில் காட்டச் சொன்னால்தான் விழிப்பான்.

"நட்சத்திரத்தைப் படித்தால் சோறு கிடைக்குமா, ஹஜ்ரத்?" என்று பிளஸ் டூ முடித்த மகனுடன் வரும் தந்தையர் கேட்கின்றனர். கேட்பதில் குற்றமில்லை, வீட்டு நிலைமை அப்படி. ஆயினும், விரைந்தோடும் ஒரு சிறு பெட்டியை ஒரு மீனைவிட்டுப் பார்வை விலகாமல் நிறுத்தக் கற்ற மாணவனுக்கு மின்னணுவியலும் கணிதமும் கணினியும் ஒருங்கே கைவந்திருக்கும். அவனை எந்த நிறுவனம் வேண்டாம் என்னும்? மகளுக்கும் இதே பதில்தான்.

மார்கழியில் இஷா தொழுகைக்குப் பின் மொட்டை மாடிக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று கிழக்கே பாருங்கள். வரிசையாக மூன்று மீன்கள் தெரியும். அவற்றின் ஒருபுறம் செந்நிறமாய் இருப்பது திருவாதிரை. மறுபுறம் நீலம் கலந்த வெண்மையாய் இருப்பது ரிஜ்ல்.