பீடத்தருகே ஒலிக்கும் ஏழு பெயர்கள்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் கத்தோலிக்க இல்லங்களிலே ஒரு வழக்கம் உண்டு. மரித்த உற்றார் உறவினரின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிச் சுவாமியாரிடம் ஒப்புவிப்பார்கள். பூசை வேளையில் அப்பெயர்கள் வாசிக்கப்படும்போது, கடைசி வாங்கிலில் அமர்ந்திருக்கும் மூதாட்டியும் தலை நிமிர்ந்து செவிசாய்ப்பாள். தன் தாயின் பெயர் தவறிப்போனால் அன்று முழுவதும் அவள் மனம் ஆறாது. ஒருவரைப் பெயர் சொல்லி நினைப்பது அத்துணைப் பெரிய காரியம்.

நம்முடைய தாய்மாரின் பெயர்களுக்காக இவ்வளவு கவலைப்படும் நாம், திருச்சபை தன் பூசையிலே பெயர் சொல்லிப் போற்றிவந்த சில பெண்மணிகளை அறிந்திருக்கிறோமா? உரோமைத் திருச்சபையின் பழம்பெரும் நற்கருணை மன்றாட்டிலே, தேவமாதாவின் திருநாமத்தைத் தவிர, ஏழு பெண்களின் பெயர்கள் இடம்பெற்றுள்ளன. பெலிசித்தா, பெர்ப்பெத்துவா, ஆகத்தா, லூசியா, ஆக்னேஸ், செசிலியா, அனஸ்தாசியா என்பன அவை. எழுவரும் வேதசாட்சிகளாகப் போற்றப்படுவோர். ஆகத்தாவும் லூசியாவும் சிசிலித் தீவினர். ஆக்னேசும் செசிலியாவும் உரோமை நகரத்தவர். முதலிரு பெயர்களுக்கு உரிய பெண்கள் ஆபிரிக்காவின் வடகரையிலுள்ள கார்த்தேஜ் நகரிலே இரத்தஞ் சிந்தியவர்கள் என்பதே பெரும்பாலோர் கொள்கை. அவ்விருவரின் வரலாற்றையே இவ்வாரம் வாசகர் முன் வைக்க விழைகிறேன்.

கி.பி. 203ஆம் ஆண்டு. செப்டிமியு செவேருஸ் என்பான் உரோமைப் பேரரசனாக இருந்த காலம். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த இளைஞர் சிலர் கார்த்தேஜில் கைதுசெய்யப்பட்டனர். அவர்களுள் ஒருத்தி விபியா பெர்ப்பெத்துவா. உயர்குடியிற் பிறந்தவள், நன்கு கற்றவள், மணமானவள், வயது ஏறக்குறைய 22. அவள் கையிலே பால்குடி மறவாத ஆண்மகவு ஒன்று இருந்தது. மற்றொருத்தி பெலிசித்தா. அவளோ அடிமைப் பெண். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி. காவலில் இருக்கும்போதே அவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

பெர்ப்பெத்துவா சிறையிலிருந்தபோது தன் கைப்படக் குறிப்புக்கள் எழுதிவைத்தாள். கிறிஸ்தவப் பெண்ணொருத்தி எழுதி இன்றுவரை எஞ்சியுள்ள நூல்களுள் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. அதிலே வீரமுழக்கம் எதுவுமில்லை. இருளைக் கண்டு அஞ்சியதையும், குழந்தை பசியால் வாடியதைக் கண்டு துடித்ததையும் அவள் ஒளிக்காமல் எழுதுகிறாள். குழந்தையைத் தன்னோடு வைத்திருக்க அனுமதி கிடைத்தவுடன் அந்தச் சிறையே தனக்கு அரண்மனையாயிற்று என்கிறாள். பெற்றெடுத்த எந்தத் தாய்க்கும் இவ்வார்த்தையின் பொருள் விளங்கும்.

அவளுக்கு நேர்ந்த சோதனைகளுள் பெரியது கொடுவிலங்கன்று. பெற்ற தகப்பனின் கண்ணீரே. நரைத்த தலையுடன் அவர் மீண்டும் மீண்டும் சிறைக்கு வந்தார். முதலில் சினந்தார், பின்னர் கெஞ்சினார், மகளின் கைகளை முத்தமிட்டு அவள் காலிலும் விழுந்தார். அருகிலிருந்த ஒரு குடத்தைக் காட்டி, இதற்குரிய பெயரைவிட வேறு பெயரால் இதனை அழைக்க இயலுமோ என்று அவள் கேட்டாள். இயலாது என்றார் தந்தை. அவ்வாறே, தான் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறெதுவாகவும் தன்னைக் கூறிக்கொள்ள இயலாது என்று அவள் விடையளித்தாள்.

விசாரணை மன்றத்திலே அதிகாரி இலாரியானுஸ், தந்தையின் நரைக்காகவும் குழந்தையின் இளமைக்காகவும் இரங்கி, அரசரின் நலன் கருதிப் பலியிடுமாறு அவளைக் கேட்டான். அவள் மறுத்தாள். மகளைத் தடுக்க முனைந்த முதியவரை அடிக்குமாறு அவன் கட்டளையிட்டபோது, அந்த அடி தன்மீதே விழுந்தாற்போல நொந்ததாக அவள் எழுதிவைத்திருக்கிறாள். விசுவாசத்துக்காகப் பாசத்தைக் கொன்றுவிட்ட கல்நெஞ்சக்காரியல்லள் அவள். பாசம் முழுவதையும் நெஞ்சில் தாங்கிக்கொண்டே மனச்சாட்சியின் வழி நின்றவள். பெற்றார் சொல்லுக்குப் பணிதல் நம் பிள்ளைகளுக்கு நாம் ஊட்டும் முதற் பாடம். அப்பாடத்துக்கும் ஓர் எல்லையுண்டு என்பதை இத்துணைப் பரிவோடு காட்டிய பெண் வேறொருத்தியைக் காண்பது அரிது.

பெலிசித்தாவின் துயரமோ வேறு வகை. கருவுற்ற பெண்ணுக்கு மரணதண்டனை நிறைவேற்றுவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. தோழரெல்லாம் ஒருங்கே சாகத் தான் மட்டும் பின்தங்கி, பின்னொருநாள் கொலைபாதகரோடு சாக நேருமோ என அவள் ஏங்கினாள். எல்லோரும் ஒருமித்துச் செபித்தார்கள். எட்டாம் மாதத்திலேயே அவளுக்கு நோவு கண்டது. வேதனையால் அவள் முனகியபோது சிறைக்காவலன் ஒருவன், இதற்கே இப்படியென்றால் மிருகங்களுக்கு முன்னே என்ன செய்வாய் என்று ஏளனம் செய்தான். இப்போது படுவது என் வேதனை. அங்கேயோ எனக்காக வேதனைப்பட என்னுள் வேறொருவர் இருப்பார் என்பது அவள் மறுமொழியின் கருத்து. பிறந்தது பெண் குழந்தை. கிறிஸ்தவச் சகோதரி ஒருத்தி அதனைத் தன் மகளாக ஏற்று வளர்த்தாள். அந்தச் சகோதரியின் பெயர் எந்த மன்றாட்டிலும் இல்லை; ஆயினும் அவள் செய்தது சிறு தொண்டன்று.

மார்ச் 7ஆம் நாள் அவர்கள் அரங்கினுட் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெண்கள்மீது வெறிகொண்ட பசு ஒன்று ஏவப்பட்டது. அது பெர்ப்பெத்துவாவைத் தூக்கியெறிந்தது. விழுந்தவள் எழுந்து, கிழிந்த ஆடையைச் சரிசெய்து, அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டாள். தலைவிரிகோலம் துக்கத்துக்குரியது, தன் வெற்றி நாளிலே அது தகாது என அவள் எண்ணினாளாம். பின்பு நசுங்குண்டு கிடந்த பெலிசித்தாவிடஞ் சென்று, கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். சீமாட்டியும் அடிமையும் அருகருகே நின்றார்கள். இறுதியில் வாளுக்கு இரையாகுமுன் வேதசாட்சிகள் ஒருவரையொருவர் முத்தமிட்டுச் சமாதானம் கூறிக்கொண்டார்கள்.

பிரிய நேயர்களே, இக்காட்சியிலே சற்று நில்லுங்கள். அரங்கிலே எசமான் குலத்துப் பெண் அடிமைக்குக் கைகொடுத்தாள். திருச்சபையின் மன்றாட்டிலோ, அடிமையின் பெயர் முன்னும் சீமாட்டியின் பெயர் பின்னுமாக வருகின்றன. கோயில் வாசலில் நின்றே குலத்தையும் சீதனத்தையும் எடைபோட்டுப் பார்க்கும் நமக்கு, அவ்விரு பெயர்களின் வரிசையே ஒரு பிரசங்கம் அன்றோ?

354ஆம் ஆண்டைச் சேர்ந்த உரோமைப் பழம்பஞ்சாங்கத்திலேயே இவர்களது திருநாள் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆபிரிக்கத் திருச்சபையிலே இவர்கள் வரலாறு வழிபாட்டில் வாசிக்கப்பட்டது. அர்ச்சிஷ்ட அகுஸ்தீனார் இவர்கள் திருநாளிற் பிரசங்கித்து, பெர்ப்பெத்துவா என்றால் நித்தியம், பெலிசித்தா என்றால் பேரின்பம். இரு பெயரும் சேர்ந்தால் நித்திய பேரின்பம் என்று நயம்படக் கூறினார். இன்றும் மார்ச் 7இல் கத்தோலிக்கர் மாத்திரமன்றி அங்கிலிக்கன் சபையாரும் இவர்களை நினைவுகூருகின்றனர்.

ஆயினும் பூசையிலே இப்பெயர்களை நாம் கேட்பது எத்தனை முறை? லத்தீன் மொழியிற் பூசை நடந்த நாட்களில் இம்மன்றாட்டே எந்நாளும் சொல்லப்பட்டது. ஆனால் குரு அதனைத் தாழ்ந்த குரலிலே சொன்னமையால் சனங்கள் செவியில் விழவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னர் தாய்மொழி பீடத்துக்கு வந்தது. மன்றாட்டும் உரத்து ஒலிக்கலாயிற்று. அதேவேளை 1968இல் வேறு மன்றாட்டுக்களும் அனுமதிக்கப்பட்டன. அவை குறுகியவை என்பதால் அவற்றையே பெரிதும் கேட்கிறோம். 1970ஆம் ஆண்டின் பூசைப் புத்தகத்திலே, பழைய மன்றாட்டின் பெயர்களுட் பல அடைப்புக்குறிக்குள் வைக்கப்பட்டன. வேண்டுமாயின் அவற்றை விட்டுவிடலாம். ஆண்களின் பெயர்களும் அவற்றுள் உண்டு என்பது மெய்யே. ஆனால் ஸ்நாபக அருளப்பர், முடியப்பர், மத்தியாஸ், பர்னபா என்போரின் பெயர்கள் எஞ்சி நிற்க, அந்த ஏழு பெண்களும் ஒருவர் தவறாமல் அடைப்புக்குள்ளே அகப்பட்டுக்கொண்டனர். சொல்லப்பட்ட காலத்திற் கேட்கவில்லை. கேட்கக்கூடிய காலத்திற் சொல்லப்படுவதில்லை!

இதைக் குறைகூறும் நோக்கத்துடன் எழுதவில்லை. நேரத்தின் அருமையையும் சனங்களின் பொறுமையையும் எண்ணியே அவ்வனுமதி அளிக்கப்பட்டது. எனினும், ஏழு பெயர்களைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? பெருநாட்களிலும், இப்புனிதைகளின் திருநாட்களிலுமாவது அம்மன்றாட்டை முழுமையாகச் சொல்லுமாறு நம் சுவாமிமாரை வணக்கத்தோடு கேட்டுக்கொள்ளலாம்.

நம் நாட்டு வரலாற்றையும் ஒருகணம் நினைத்துப் பாருங்கள். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று, குருக்கள் விலக்கப்பட்டார்கள். 1687இல் யோசேவ் வாஸ் முனிவர் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள் விசுவாசம் வீடுகளிலேதான் காக்கப்பட்டது. வீட்டுச் செபமென்றால் அதிலே தாய்மாரின் பங்கு எத்தகையது என்று சொல்லவும் வேண்டுமோ? அவர்களின் பெயர்களை இன்று எவரும் அறியார். பெயர் தெரியாத அவர்களுக்கெல்லாம் நாம் செய்யக்கூடிய மரியாதை ஒன்றுண்டு. பெயர் தெரிந்த எழுவரை மறவாதிருப்பதே அது.

மாணவச் செல்வங்களே, இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் அந்த ஏழு பெயர்களையும் ஒருமுறை உரத்துச் சொல்லுங்கள். பிறகு, உங்களுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்த பாட்டியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். எட்டாவது பெயராக அது ஒலிப்பதைக் கேட்டு அந்த எழுவரும் மகிழ்வார்களேயன்றி வருந்தமாட்டார்கள்.