கண்ணாடி பிடித்த கை

ஞாயிறு இரவு வீட்டில் எல்லோருமாக ஒரு படம் பார்த்தோம். எல்லோரும் என்றால், மகன் கையில் செல்போன், மருமகள் பாதி நேரம் அடுக்களையில், பேத்தி என் மடியில். கதை சூடுபிடித்து, நாயகன் வசமாக மாட்டிக்கொண்ட இடத்தில் படம் அப்படியே நின்றது. 'இடைவேளை' என்று எழுத்து வந்தது. இரண்டே விநாடி. எழுத்து மறைந்து அடுத்த காட்சி ஓடத் தொடங்கிவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு சொல் வந்துபோனதையே யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் அது மனசில் தைத்துவிட்டது.

உண்மையில் இந்த வாரம் எழுத நினைத்தது வேறு. தியேட்டரில் வந்த படம் எத்தனை வாரம் கழித்து வீட்டுக்கு வரலாம் என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை. தமிழில் நான்கு வாரம் பழகிவிட்டது. தியேட்டர்காரர்கள் எட்டு வாரம் கேட்கிறார்கள். 2012 கடைசியில் 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச் வழியாக வீட்டுக்கே தரப் போவதாக அறிவித்தபோது கிளம்பிய சண்டை இது. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' தியேட்டர் வாசலையே மிதிக்காமல் ஓடிடிக்கு வந்தது. அடுத்த ஜனவரியில் 'மாஸ்டர்' 13-ஆம் தேதி தியேட்டருக்கு வந்து 29-ஆம் தேதி வீட்டுக்கும் வந்துவிட்டது. தியேட்டர்காரர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் நான்கா, எட்டா என்ற கணக்கில் எனக்கு மனசு ஓடவில்லை.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் பழைய கோபம் தெரியும். ஓடிடியில் படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் திரை சுருங்கி மூலைக்குப் போய்விடுகிறது. அடுத்த படம் முன்னால் வந்து நிற்கிறது. தியேட்டரிலும் அந்த நேரத்தில்தான் விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, துடைப்பத்தோடு வருகிறார்கள். ஒளி உதவியாளர், தையல்காரர், சமையல் குழு, டிரைவர் என்று நூறு பேர் அந்த மூன்று நிமிடத்தில்தான் நம் முன் வருகிறார்கள். உழைத்தவன் பெயரைப் படிக்கக்கூட விடாத அவசரம் நமக்கு எதற்கு? எத்தனையோ முறை எழுதிவிட்டேன். மாறும்வரை எழுதுவேன்.

இடைவேளைக்கு வருகிறேன். டூரிங் டாக்கீஸில் பெரும்பாலும் ஒரே புரொஜெக்டர்தான். ரீல் தீர்ந்தால் மாற்றியாக வேண்டும். அதனால் ஒரே படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளை. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே முறுக்குத் தட்டு வரும். எங்கள் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வராமல் இருக்குமா? இரண்டு புரொஜெக்டர் வைத்த தியேட்டர்களில் இடைவேளை ஒன்றாகக் குறைந்தது. கதை எழுதுகிறவர்கள் அந்த ஒன்றையும் விடவில்லை. படத்தின் பெரிய முடிச்சை அங்கே கொண்டுபோய்க் கட்டினார்கள். வெளியே சோடா குடித்தபடி, இனி என்ன ஆகும் என்று முன்பின் தெரியாதவரோடு வாதாடிய பத்து நிமிடமும் படத்தைச் சேர்ந்ததுதான்.

வீட்டில் பார்த்தால் அதெல்லாம் கிடைக்காது என்று எழுதப் போய்த்தான் கை நின்றது. சின்ன வயதில் நாங்கள் வீட்டில் காட்டிய படத்திலும் இடைவேளை இருந்தது.

பியூஸ் போன பல்பின் அடிப்பக்கத்தைப் பக்குவமாகத் தட்டி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் அது லென்ஸ். சித்தி வீட்டுப் பின்னறைக் கதவில் ஒரு ஓட்டை. எதிர்ச் சுவரில் தாத்தாவின் வேட்டி. வெளியே ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை வாங்கி ஓட்டைக்குள் அனுப்புவார். அந்த வெளிச்சத்துக்கும் பல்புக்கும் நடுவே பிலிம் துண்டைத் தலைகீழாகப் பிடித்தால், வேட்டியில் ஆள் நேராக நிற்பார். துண்டுகளைத் தந்தவர் தியேட்டர் ஆபரேட்டர் அண்ணன். பிரிண்ட் அறுந்து ஒட்டும்போது வெட்டிப் போட்டவை. ஒன்றரை அடித் துண்டில் இருபத்துநான்கு கட்டம். தியேட்டரில் அது ஒரே விநாடி. எங்களுக்கு அரை மணி நேரம் ஓடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் வசனம் நாங்களே பேசுவோம். ஸ்கோப் படத்துண்டு என்றால் ஆட்கள் நெடுநெடுவென்று ஒல்லியாக நிற்பார்கள். அது ஏன் என்று அப்போது தெரியாது. திரையில் விரித்துக்காட்டத் தனி லென்ஸ் வேண்டும் என்று பின்னால் அந்த அண்ணன்தான் சொன்னார்.

டிக்கெட் ஐந்து தீப்பெட்டி லேபிள். அறைக்குள் பதினைந்து பேர் இருப்போம், வேர்த்து ஊற்றும். பாதியில் இடைவேளை விட்டே ஆக வேண்டும், கண்ணாடி பிடிப்பவரை மாற்றுவதற்காக. வெயில் நகர நகரக் கண்ணாடியையும் இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். கை அசந்தால் உள்ளே இருட்டு. வெளிச்சம் கொடுப்பவருக்குப் படம் கிடையாது.

இடைவேளைக்குப் பிறகும் பெரும்பாலும் அக்காவேதான் பிடிப்பாள். மாறி மாறிப் பிடிப்பதாகத்தான் பேச்சு. எங்கள் முறை வரும்போது ஆளுக்கொரு சாக்குச் சொல்லி உள்ளே ஓடிவிடுவோம். அது தப்பு என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. இந்த ஞாயிறு இரவு, ஐம்பது வருஷம் கழித்துத் தோன்றியது.

மறுநாள் காலையில் அக்காவுக்குப் போன் செய்தேன். சாத்தூரில் இருக்கிறாள். "அந்தப் படமெல்லாம் ஞாபகம் இருக்கா அக்கா?" என்றேன்.

"நான் எங்க தம்பி படம் பார்த்தேன்? வெயில்ல நின்னதுதான் ஞாபகம் இருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உள்ள படம் விழுந்ததும் நீங்க எல்லாரும் சேர்ந்து 'ஆ'ன்னு கத்துவீங்கள்ல, அது கதவுக்கு வெளிய கேக்கும். அதைக் கேக்கிறதுக்குத்தான் கை வலிச்சாலும் பிடிச்சிக்கிட்டு நிப்பேன்" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை.

ஞாயிறு இரவு எங்கள் வீட்டிலிருந்து அப்படி ஒரு சத்தம் வெளியே கேட்டிருக்காது. இத்தனைக்கும் ஒரே கூரையின் கீழ் நான்கு பேர், ஒரே படம்.

இப்போது குண்டு பல்பு கிடைப்பது பெரும்பாடு. எல்லாம் எல்இடி, அதில் தண்ணீர் ஊற்ற முடியாது. நாலு கடை ஏறி இறங்கியதில், ஒரு பழைய எலக்ட்ரிக் கடைக்காரர் பரணிலிருந்து அறுபது வாட்ஸ் பல்பு ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார். பிலிம் துண்டுகள் என் டிரங்குப் பெட்டியில் ஏழெட்டு மிச்சம் இருக்கின்றன. பேத்தியிடம் தெருப்பிள்ளைகளை அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன். அக்கா வருகிற சனிக்கிழமை வருகிறாள். மூன்று மணி வெயில் மாடிக் கதவுக்கு நேரே விழுகிறது, பார்த்துவைத்துவிட்டேன். கண்ணாடியை நான் பிடித்துக்கொள்வேன்.