எட்டாக்கனி என்று சொன்னவர் யார்?

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாலை வேளை. நம் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவரின் மகள் பங்கு இல்லத்துக்கு வந்தாள். மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி. வகுப்பில் எப்போதும் முதலிடம். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் எவருமில்லை. தில்லியில் மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளாதாரம் பயில வேண்டும் என்பது அவளுடைய ஆவல். பொது நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தில் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். "ஓ.பி.சி., கிரீமி லேயர் அல்லாதவர்னு போட்டிருக்கு. அது நாங்கதானா ஃபாதர்?" என்று கேட்டாள்.

நமக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "அவ்வளவு தூரம் எதற்கம்மா? பக்கத்திலேயே நல்ல கல்லூரி இருக்கிறதே" என்றோம். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். விண்ணப்பத்தின் கடைசி நாளும் போயிற்று. பக்கத்துக் கல்லூரியில் அவள் நன்றாகவே படித்தாள். ஆயினும் அந்தக் கல்லூரியைத் தேர்ந்தது அவளல்ல, நம் அறியாமை.

இந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்ட பின்னரே பிறரைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்குண்டு.

உயர்கல்வி நிறுவனங்களின் வாயிலில் தகுதி ஒன்றே காவல் நிற்கிறது என்று சொல்வோர் பலர். அப்படியானால் மருத்துவர் மகனுக்கும் கொத்தனார் மகளுக்கும் தேர்வுத் தாள் ஒன்றே என்பதோடு கதை முடிந்துவிடும். உண்மையில் தேர்வுக்கு முன்னும் பின்னும் எத்தனை வாசற்படிகள்! எந்தப் படிப்புக்கு எந்தத் தேர்வு, எந்தச் சான்றிதழ் எந்தப் படிவத்தில், கலந்தாய்வில் விருப்பங்களை எந்த வரிசையில் இடுவது, பணத்தை எந்த மணிக்குள் கட்டுவது? படித்த வீட்டுப் பிள்ளைக்கு இவையெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடும் பரம்பரைச் சொத்து. முதல் தலைமுறைப் பிள்ளையோ ஒவ்வொன்றையும் விழுந்து எழுந்து கற்க வேண்டும்.

2024-இல் நடந்ததை நினைத்துப் பார்ப்போம். உத்தரப் பிரதேசத்துத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்ட வேண்டிய தொகை 17,500 ரூபாய். குறித்த நேரத்துக்குள் அதைச் செலுத்த இயலாமல் இடம் பறிபோயிற்று. உச்ச நீதிமன்றம் வரை சென்றான். அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி, 2024 செப்டம்பர் 30 அன்று நீதிமன்றம் அவனுக்கு அந்த இடத்தை வழங்கியது. அந்தத் தேர்வில் வென்றவனிடம் தகுதி இல்லை என்று எவர் சொல்வார்? அன்று அவனுக்கு உரிய நேரத்தில் 17,500 ரூபாயை நீட்ட ஒரு கை தேவைப்பட்டது, அவ்வளவே.

நம் மக்களுக்கு மேலும் ஒரு முடிச்சு உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர் என்னும் உரிமையை முதலில் இந்துக்களுக்கும், பின்னர் 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் அளித்தது. தலித் கிறிஸ்தவர் இன்றும் அதற்கு வெளியே நிற்கின்றனர். ஆகவே நம் பிள்ளைகள் மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி. பிரிவில்தான் விண்ணப்பிக்க வேண்டும். மாநில அரசின் சாதிச் சான்றிதழ் அங்கே போதாது. மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும். ஐ.ஐ.டி. சேர்க்கைக்கு அது அந்த ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்றோ அதன் பின்னரோ பெற்றதாக இருக்க வேண்டும். நீதிக்காக நாம் ஊர்வலம் போகிறோம், போகத்தான் வேண்டும். ஆனால் அநீதியான சட்டம் மாறும்வரை, இருக்கும் உரிமையையாவது பெற்றுத்தர நம்முள் எத்தனை பேர் வட்டாட்சியர் அலுவலகப் படியேறினோம்?

"பணத்துக்கு எங்கே போவது?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆண்டு வருமானம் 1 இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, எந்தப் பிரிவினராயினும், ஐ.ஐ.டி. இளநிலைப் பொறியியலில் படிப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. 1 முதல் 5 இலட்சம் வரையெனில் மூன்றில் இரு பங்கு தள்ளுபடி. விடுதிச் செலவும் உணவுச் செலவும் தனி. இந்தச் செய்தி நம் ஞாயிறு அறிவிப்புகளில் என்றாவது ஒலித்ததுண்டா?

"பெரிய இடத்துக்குப் போனால் பிள்ளை நம்மை மறந்துவிடுவான், விசுவாசத்தையும் இழப்பான்" என்பாரும் உளர். கிணற்றடியிலேயே கட்டிவைத்துக் காக்கும் விசுவாசம் என்ன விசுவாசம்? "எல்லாரும் தில்லிக்கும் சென்னைக்கும் போகத்தான் வேண்டுமா?" என்றும் கேட்கின்றனர். வேண்டியதில்லை. கல்லூரியின் பெயரில் மனித மாண்பு இல்லை. பயிற்சி மையங்களுக்குப் பிள்ளைகளை விலைபேசவும் நாம் சொல்லவில்லை. உள்ளூர்க் கல்லூரியை விரும்பிச் சேர்வது நன்று; வேறு வழியே தெரியாமல் சேர்வது வேறு. ஏழைப் பிள்ளையின் சார்பில் நாமே முடிவெடுத்துவிட்டு, அதற்குத் தாழ்ச்சி என்று பெயர் சூட்டுவது தகுமா?

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திறமை மிகுந்தும் வசதி குறைந்தும் உள்ள இளையோருக்கு உயர்கல்வியின் வாயில் எளிதாகத் திறக்க வேண்டும் என்று கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களைப் பணித்தது. பங்கு என்னும் குடும்பத்துக்கு மட்டும் அந்தக் கடமை இல்லையா?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பங்கு இல்லத்தில் ஓர் அறை, ஒரு கணினி, சனிக்கிழமை மாலைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். சுவரில் தேர்வுகளின் கடைசி நாள்களும் சான்றிதழ்களின் பட்டியலும். கல்லூரி சென்று திரும்பிய அண்ணன் அக்காமார் தம்பி தங்கையரோடு அமர்ந்து பேச ஒரு மணி நேரம். சேர்க்கைக் கட்டணத்துக்கு அவசர நிதி. நிதிக்கு எங்கே போவது? திருவிழாவில் நாம் கொளுத்தும் வாணவேடிக்கை சில நிமிடங்களில் கரிந்து போகிறது. அதில் பாதியை மிச்சப்படுத்தினால் எந்தப் புனிதரும் கோபிக்கமாட்டார்.

அந்தக் கொத்தனாரின் இளைய மகன் இவ்வாண்டு மேல்நிலை முதலாண்டுக்கு வந்திருக்கிறான். சென்ற சனிக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குச் சென்று, எந்தச் சான்றிதழ் எப்போது வாங்க வேண்டும் எனக் கேட்டு எழுதிவந்தோம். அவன் எங்கே படிக்கப்போகிறான் என்று நாம் கேட்கவில்லை. அதை அவனே சொல்லட்டும்.