வீட்டில் கற்ற கணிதமும் பூட்டிய வாயிலும்

ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றைப் பற்றி நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. முப்பந்தல் வெளியெங்கும் நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி. அவற்றைத் தினந்தோறும் பார்க்கும் நம் ஊர்ச் சிறுவன், காற்றின் வேகம் இரு மடங்கானால் மின்சாரமும் இரு மடங்காகுமா என்று கேட்டால், அக்கேள்வியில் ஒரு வருஷத்துப் பாடமே அடங்கியிருக்கிறது. காற்றிலுள்ள சக்தி வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. ஆகையால் அது எட்டு மடங்காகும். பையன் இதை முதலில் காகிதத்தில் கணக்கிடுவான். நூறு வேகங்களுக்குக் கணக்கு வேண்டுமென்ற ஆசை பிறந்தால், கம்ப்யூட்டருக்கு நான்கு வரி நிரல் எழுதப் பழகுவான். அதற்கு ஆங்கிலம் தெரிந்துதான் தீரவேண்டுமென்பதும் இல்லை. முத்து அண்ணாமலை இயற்றிய ‘எழில்’ என்னும் நிரல்மொழியில் ‘பதிப்பி’, ‘முடி’ என்று தமிழிலேயே கட்டளையிடலாம். வகுப்பறையிலோ, ‘அது மேல் வகுப்புப் பாடம், உட்கார்’ என்பதே பெரும்பாலும் அவனுக்குக் கிடைக்கும் விடை.

இதனால் மனம் சலித்து, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கி, அவரவர் நாட்டத்தின் வழியே வீட்டில் கற்க விடும் பெற்றோர் நகரங்களில் தோன்றியிருக்கின்றனர். மும்பையில் ஒரு தாய், நன்றாகப் படித்து வந்த தம் மகளை ஏழாம் வகுப்போடு நிறுத்தினார். அப்பெண் பல துறைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் நிரலில் ஊன்றி நின்றாள். சர்வதேச நிரல் ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் பெற்றாள். ஆயினும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று இல்லாத காரணத்தால் ஐ.ஐ.டி. வாயில் அவளுக்குத் திறக்கவில்லை. சென்னைக் கணிதக் கழகம் மட்டும் அவளது அறிவைச் சோதித்து இடமளித்தது. 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. அவளை உபகாரச் சம்பளத்துடன் அழைத்துக்கொண்டது. நம் வாயிற்காவலர்கள் சான்றிதழைத் தேடிக்கொண்டிருந்தார்கள்!

இது புதிய கதையன்று. எப்.ஏ. பரீட்சையில் தவறிய கும்பகோணத்து இராமானுஜனுக்கு, பட்டம் எதுவும் இல்லாதிருந்தும், 1913-ல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுத்தது. அன்னிய ஆட்சியில் ஒரு சர்வகலாசாலை தன் விதியைத் தளர்த்தத் துணிந்தது. சுதந்திர பாரதத்தில் அத்துணிவு ஏன் அரிதாகிவிட்டது?

சட்டத்தின் நிலையும் விசித்திரமானது. 2010 ஏப்ரல் முதல் அமலிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு, பிள்ளையை அண்டைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. தவறினால் தண்டனை என்று எதையும் சொல்லவில்லை. 2012-ம் வருஷத்துத் திருத்தம் கடுமையான குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மட்டும் வீட்டுக் கல்வியை அங்கீகரித்தது. மற்றவர் விஷயத்தில் சட்டம் மௌனம் சாதிக்கிறது. தடையுமில்லை, அனுமதியுமில்லை என்ற நிலை வக்கீல்களுக்குச் சௌகரியமாக இருக்கலாம்; குழந்தைகளுக்கு உதவாது. 1989-ல் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பரீட்சை ஒரு வழிதான். ஆனால் கணிதத்தில் கரைகண்ட பிள்ளையும் அங்கே ஐந்து பாடங்களில் தேறியாக வேண்டும்.

வீட்டுக் கல்வியை நாம் கண்மூடிப் புகழவில்லை. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமே கற்பித்தார். அதனால் அவர்கள் கொண்ட மனக்குறையையும் சத்திய சோதனையில் ஒளிக்காமல் எழுதினார். அன்றியும், மும்பைத் தாய்க்கு இருந்த படிப்பும் ஓய்வும் நம் செங்கல் சூளைக் கூலியாளுக்கு ஏது? அவர் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினால் அது சூளைக்குத்தான் போகும். பள்ளிகளைக் காலி செய்யச் சொல்லும் வாதத்தை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம்.

எனவே நமது கோரிக்கை வேறு. மத்திய சர்க்கார் சட்டத்தின் மௌனத்தைக் கலைத்து, வீட்டில் பயில்வோருக்கு ஆண்டுதோறும் அறிவுச் சோதனையுடன் கூடிய அங்கீகாரம் வழங்கட்டும். ஐ.ஐ.டி.க்களும் சர்வகலாசாலைகளும், சென்னைக் கணிதக் கழகம் செய்தது போல, சில இடங்களையாவது சான்றிதழைக் கேளாமல் அறிவை மட்டும் சோதித்துக் கொடுக்கட்டும். ராஜ்ய சர்க்கார் அரசுப் பள்ளிகளில் அமைத்துள்ள உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களை மாலை வேளையிலும் ஞாயிறன்றும் திறந்து வைத்து, பாடத்திட்டம், பரீட்சை எதுவுமின்றிப் பிள்ளைகளை அவற்றில் அமரவிடட்டும். தோவாளை வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் இதை வருகிற ஆடி மாதத்திலேயே, காற்றாலைகள் முழு வேகத்தில் சுழலும் போதே, தொடங்கிப் பார்க்கலாம்.