மரச்சுவரும் மழைநீரும்



கிணற்று நீரைத் தூய்மை செய்வது பற்றிச் சென்ற திங்கள் எழுதத் தொடங்கியதை இத்திங்கள் முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். மழை தொடங்கிய முதல் வாரத்திலேயே நம் சங்கத்து அன்பர் இருவர் தம் வீட்டுப் பலகைச் சுவர் இற்றுப்போவதைச் சொல்லி வழி கேட்டனர். மழை நமக்காகக் காத்திராது. ஆகவே கிணறு அடுத்த திங்கள் வரை பொறுத்திருக்கட்டும்.

ஆரியசாலைக் கடைத்தெருவின் பின்புறச் சந்துகளில் பழைய வீடுகள் சில இன்னும் எஞ்சியுள்ளன. கீழே கல்லும் சுண்ணாம்பும், மேல்மாடிக்கு மரச்சட்டமும் பலகைச் சுவரும், அதன்மேல் ஓடும் கொண்டவை. நான் வாடகைக்கு இருப்பதும் அத்தகைய வீடே. அதன் மேற்குச் சுவரில் பலகைகள் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. இங்குள்ளார் ஆஞ்ஞிலி என வழங்கும் அயினி மரம். படகு கட்டவும் வீடு கட்டவும் இந்நாட்டார் நெடுங்காலமாக நம்பிய மரம் அது. அம்மரமே இற்றுவிட்டதென்றால் குற்றம் மரத்தினுடையதன்று என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் பலகைகளின் அடியில் கறுப்புத் திட்டுகள் கண்டன. வண்ணம் பூசும் ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைத்தேன். அவர் பள்ளங்களில் மக்கு அடைத்து, மேலே பளபளக்கும் எனாமல் பூசித் தந்தார். சுவர் புத்தம்புதிதாக விளங்கிற்று, வந்தோரெல்லாம் புகழ்ந்தனர். சென்ற ஆண்டு ஆனித் திங்களில், இடவப்பாதி மழை ஓய்ந்திருந்த ஒரு மாலை, என் ஏழு வயது மகள் சந்தில் போகும் ஐஸ் வண்டியைக் காணச் சுவரிற் சாய்ந்தாள். பலகை ஒலியின்றி உள்வாங்கிற்று. அவள் கை தோள்வரை வெளியே போய்விட்டது. அருகிருந்த என் துணைவி பாவாடையைப் பற்றி இழுத்தாள். சிராய்ப்போடு தப்பியது. கீழே பதினோரு அடி ஆழத்தில் கருங்கல் தளம். அன்றிரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை.

எனாமல் படலம் உடையாமல் தோல்போல் நின்றிருந்தது. உள்ளே மரம் இல்லை. சதுரஞ் சதுரமாக வெடித்துப் பொடியும் பழுப்புத் தூளே இருந்தது. இது பூஞ்சையின் வேலை. மரத்தின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஈரம் ஏறி நிலைத்தாலன்றிப் பூஞ்சை அதனை உண்ண இயலாது. நனைந்த மரம் காய இடமிருந்தால் கேடில்லை. ஆணித் துளை வழியாகவும் பலகை முனை வழியாகவும் புகுந்த நீரை வெளியேறவொட்டாது என் எனாமல் மூடிவைத்தது. காசு கொடுத்து நோயைப் போர்த்தி வளர்த்தேன் என்பதே உண்மை.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். நல்லவர், ஆயினும் செலவுக்கு அஞ்சுபவர். "தகரம் அடித்துவிடலாம்" என்றார். நாகர்கோவிற் பக்கத்திலிருந்து வந்து இங்கு நெடுநாள் தொழில் செய்யும் முதிய ஆசாரியார் ஒருவரை நான் அழைத்து வந்தேன். அவர் பலகையைத் தொடவே இல்லை. "தம்பி, முதலில் மேலே பாரும், பிறகு கீழே பாரும்" என்றார்.

மேலே பார்த்தோம். இறவாரத்தின் ஓடு இரண்டு நழுவி, நீர் சுவரின்மேலேயே வழிந்த தடம் இருந்தது. கீழே பார்த்தோம். முன்னொரு காலத்தில் கீழ்க்கடைக்குக் கான்கிரீட் சாய்ப்பு வார்த்தவர்கள் பலகைகளின் அடிநுனியைச் சிமெண்டுப் பூச்சுக்குள் புதைத்திருந்தனர். மரத்தின் முகத்தைவிடக் குறுக்கே அறுத்த முனை பன்மடங்கு விரைந்து நீரை உறிஞ்சும். அங்கேதான் நார்க்குழல்கள் வாய்திறந்து நிற்கின்றன. ஈரம் காக்கும் சிமெண்டில் அம்முனை நின்றால் மழை விட்ட பின்னரும் மரம் குடித்துக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்குச் சாய்ப்பில் விழும் நீர் தெறித்து அடிப்பலகையை நனைத்துவந்தது.

நம் பழைய தச்சர்கள் இதனை நன்கறிவர். ஐயமிருப்பின், இங்கிருந்து நடந்து போகும் தொலைவிலுள்ள குதிரைமாளிகையைப் பாருங்கள். சுவாதித் திருநாள் மன்னர் கட்டுவித்தது. இறவாரத்தின்கீழ் வரிசையாக நிற்கும் 122 மரக்குதிரைகளைக் காட்டி வழிகாட்டிகள் வியப்பார்கள். அவை அழகுக்கு மட்டும் நிற்பனவல்ல. சுவரைத் தாண்டி நீண்ட கூரையைத் தாங்கி நிற்கின்றன. தக்கலை வழியே ஊருக்குச் செல்வோர் பத்மநாபபுரம் அரண்மனையிலும் அவ்வாறே தாழ்ந்து நீண்ட கூரையைக் காணலாம்.

இனிச் செய்த முறை. மழைக்காலம் முழுதும் தார்ப்பாயைச் சுவரோடு ஒட்டாமல், காற்றோட இடம் விட்டுத் தொங்கவிட்டோம். துலாவருடமும் கழிந்து மாசியில் மரம் நன்கு காய்ந்த பிறகே ஆசாரியார் உளி எடுத்தார். கூர்மையான திருப்புளியால் ஒவ்வொரு பலகையையும் குத்திப் பார்த்தார். எளிதில் இறங்கிய இடமெல்லாம் கெட்ட மரம். கண்ணுக்கு நன்றாய்த் தெரிந்த இடத்திலும் அது இறங்கியதைக் கண்டு திகைத்தேன். கெட்ட பகுதிக்கு மேல் ஒரு சாண் நல்ல மரத்தையும் சேர்த்தே அறுத்தார். ஒன்பது பலகைகள் அடியில் குறைந்தன. புதுத் துண்டு சேரும் அறுவையை வெளிப்புறம் சரியுமாறு சாய்வாக வைத்தார். நீர் உள்ளே தங்காது. வைரம் பாய்ந்த பழைய அயினியையே தேடி வாங்கினோம். வெள்ளைப் பகுதி ஒரு விரல் அகலம் இருந்த பலகையையும் அவர் திருப்பிவிட்டார்.

பொருத்துமுன் துண்டுகளைப் போராக்சும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்து உலர்த்தினோம். அம்மருந்து மழையில் கரைந்துபோகும். ஆதலால் மேலே எண்ணெய்ப் பூச்சு கட்டாயம் வேண்டும். அறுத்த முனைகளுக்கு ஆளிவிதை எண்ணெயை மும்முறை ஊட்டினோம். சிமெண்டை உடைத்துப் பலகையின் அடிக்கும் சாய்ப்புக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டோம். இரும்பாணி துருவேறித் துளையைப் பெருக்கும் என்பதால் பித்தளைத் திருகாணி.

ஆணித்துளை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இருப்புப்பாதைகளில் இப்போது பெரும்பாலும் கான்கிரீட் ஸ்லீப்பர்களே உள்ளன. மர ஸ்லீப்பர் காலத்தவர் ஒருவர், கிரியோசோட் எண்ணெய் ஊட்டிய கட்டையும் முதலில் ஆணித்துளையைச் சுற்றியே இற்றுப்போகும் என்று எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி சொல்வார். அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே, என் சுவரில் ஆணி அடித்து நாட்காட்டி மாட்டியவன் நான்.

மரத்துக்குரிய பணத்தை வீட்டுக்காரர் தந்தார். கூலி என்னுடையது, இவ்வாண்டு ஓணத்துக்கென ஒதுக்கியது அதிற் போயிற்று. ஓடு மாற்றிய செலவு மொத்தத்தில் மிகச் சிறு பங்கு. முன்னரே அதனைச் செய்திருந்தால் மற்றச் செலவில் பெரும்பகுதி வந்திராது என்று துணைவி கணக்குப் போட்டுக் காட்டினாள்.

இவ்வாண்டு மழை தொடங்கிய நாள்முதல் காலையில் எழுந்ததும் சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன். எட்டுப் பலகைகள் உலர்ந்துள்ளன. வடக்கு ஓரத்துப் பலகை மட்டும் ஈரமாகவே இருக்கிறது. பக்கத்து வீட்டார் புதிதாய் இட்ட தகரச் சாய்ப்பின் நீர் அதில் விழுகிறது. அவர் இரவுப் பணிக்குச் செல்பவர். ஞாயிறன்று பகலில் சந்தித்துப் பேச எண்ணியுள்ளேன். மகள் இன்னும் அந்தச் சுவரருகே செல்வதில்லை.