ஆமையைக் கொன்றது யார்?
ஒரே மாதத்தில் கரை ஒதுங்கிய ஆயிரம் உடல்கள் சொல்லும் கதை

2025-ம் வருஷம் ஜனவரி மாதம். பொங்கல் நேரம். சென்னைக் கடற்கரையில் காலையில் நடக்கப் போனவர்கள் ஒரு காட்சியைக் கண்டு திடுக்கிட்டு நின்றார்கள்.

மணலில் ஒரு பெரிய ஆமை செத்துக் கிடந்தது. சிறிது தூரம் நடந்தால் இன்னொன்று. அதற்கு அப்பால் இன்னும் இரண்டு. கண்கள் பிதுங்கி இருந்தன. கழுத்து வீங்கி இருந்தது.

மறுநாளும் ஆமைகள் ஒதுங்கின. அதற்கு மறுநாளும் ஒதுங்கின. மாதம் முடிவதற்குள், தமிழ்நாட்டுக் கரையில் ஒதுங்கிய உடல்கள் ஆயிரத்துக்கும் மேல் என்று ஆமைப் பாதுகாப்பில் ஈடுபட்டவர்கள் கணக்குச் சொன்னார்கள். கடலில் மூழ்கியவை எத்தனையோ!

இந்த ஆமைகளைக் கொன்றது யார்? நோயா? விஷமா? சுறா மீனா?

மூன்றும் இல்லை. உடல்களை அறுத்துப் பார்த்த டாக்டர்கள் சொன்ன பதில் வியப்பானது. பெரும்பாலான ஆமைகள் மூச்சுத் திணறிச் செத்திருந்தன. அதாவது, கடலில் பிறந்து கடலிலேயே வாழும் பிராணி, கடல் தண்ணீரிலேயே மூழ்கிச் செத்தது!

பங்குனி ஆமை

சென்னைக் கரைக்கு வரும் ஆமைக்கு நம் மீனவர்கள் வைத்த பெயர் பங்குனி ஆமை. "ஆலிவ் ரிட்லி" என்பது வெளிநாட்டார் வைத்த பெயர். ஓட்டின் நீளம் இரண்டு அடிக்குச் சற்று மேல். எடை 35 முதல் 45 கிலோ வரை.

தை பிறந்ததும் இவை கரையை நெருங்கும். பங்குனி வரை முட்டையிடும். பெண் ஆமை மட்டுமே கரை ஏறும். அதுவும் இரவில்தான் ஏறும். பின் துடுப்புகளால் மணலில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டும். குழி பார்ப்பதற்குக் குடுவையைப் போல இருக்கும். அதில் சுமார் 100 முதல் 120 முட்டைகள் வரை இடும். மணலைப் போட்டு மூடும். உடம்பால் தட்டிச் சமன் செய்யும். பிறகு திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும்.

குஞ்சைத் தாய் பார்ப்பதில்லை. தாயைக் குஞ்சு பார்ப்பதில்லை. மணலின் சூடுதான் அடை காக்கிறது. 45 முதல் 60 நாட்களில் குஞ்சு பொரிக்கிறது. இதிலும் ஒரு விந்தை உண்டு. மணல் அதிகச் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் பிறக்கும். சூடு குறைவாக இருந்தால் ஆண் குஞ்சுகள் பிறக்கும்!

இரவுக் காவல்

முட்டைகளுக்கு எதிரிகள் பலர். நாய் தோண்டித் தின்னும். மனிதனும் எடுத்து விற்றது உண்டு. குஞ்சு வெளியே வந்தால் காகமும் நண்டும் காத்திருக்கும்.

இதைக் கண்டு சென்னையில் சிலர் 1970-களின் தொடக்கத்தில் ஒரு வேலையை ஆரம்பித்தார்கள். பாம்புப் பண்ணை அமைத்த ரோமுலஸ் விட்டேகர், ஆமைகளைத் தேடி இந்தியக் கடற்கரைகளை எல்லாம் நடந்தே அளந்த சதீஷ் பாஸ்கர் ஆகியோர் அதில் முன் நின்றவர்கள். இரவு முழுவதும் கரையில் நடந்து, முட்டைகளைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துவதுதான் அந்த வேலை. 1988-ல் மாணவர்கள் தங்களுக்கென ஒரு அமைப்பு கண்டு அதைத் தொடர்ந்தார்கள். வன இலாகாவும் பொரிப்பகங்கள் அமைத்தது.

முட்டையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஆமை ஏறி இறங்கிய தடம், டிராக்டர் சக்கரம் உருண்டது போல மணலில் பதிந்திருக்கும். அந்தத் தடத்தைப் பின்பற்றிப் போவார்கள். தடம் திரும்பும் இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். மணல் இளகி உள்ளே இறங்கினால், அடியில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு கையால் தோண்டி, முட்டைகளை எண்ணி, துணிப் பையில் வைப்பார்கள். புரட்டக் கூடாது. குலுக்கக் கூடாது. இட்ட சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்துக்குக் கொண்டு போய், அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். தேதியையும் எண்ணிக்கையையும் எழுதிப் பலகை நட வேண்டும். பொரிக்கும் நாள் நெருங்கியதும் மேலே கூடையைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

2024-ல் இப்படித் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கடலுக்குள் விடப்பட்ட குஞ்சுகள் 2 லட்சத்துக்கும் மேல்.

ஒரு கணக்கு

இங்கேதான் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கடலுக்குள் போகும் ஆயிரம் குஞ்சுகளில், வளர்ந்து பெரிதாவது ஏறக்குறைய ஒன்றுதான் என்று நிபுணர்கள் சொல்லுகிறார்கள். அந்த ஒன்றும் முட்டையிடும் பருவத்தை அடையப் பத்து, பதினைந்து வருஷம் ஆகும்.

அப்படியானால், ஆயிரம் பெரிய ஆமைகள் செத்தால், அவற்றுக்கு ஈடு செய்ய எத்தனை குஞ்சுகள் வேண்டும்? பத்து லட்சம்!

வருஷத்துக்கு 2 லட்சம் குஞ்சுகள் என்றாலும் இது நாலைந்து வருஷத்து உழைப்பு. இளைஞர்கள் தூக்கத்தை விட்டு, இரவு இரவாக நடந்து சேர்த்த பலன், ஒரே மாதத்தில் போய்விட்டது. கரையில் காவல் இருந்தது. கடலில் இல்லை. குடத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, அடியில் உள்ள ஓட்டையை அடைக்காமல் விட்டது போன்ற கதைதான் இது.

கடலில் மூழ்குவது எப்படி?

ஆமைக்கு மீனைப் போலச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல்தான். அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும்.

விசைப்படகுகள் இழுக்கும் மடி வலை, பெரிய பை போன்றது. வாய் அகலம். வால் குறுகல். அது கடலின் அடித்தரையைத் தடவிக்கொண்டே வரும். இரண்டு மூன்று மணி நேரம் இழுத்த பிறகே வலையைத் தூக்குவார்கள். எதிரில் ஆமை இருந்தால் அதுவும் உள்ளே போய்விடும். மேலே வர வழி இல்லை. அது பதறித் துடிக்கும். துடிக்கத் துடிக்க மூச்சு சீக்கிரம் தீரும். வலை மேலே வரும்போது ஆமை பிணமாக இருக்கும்.

மீனவர் யாரும் ஆமையைப் பிடிக்க வலை போடுவதில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் ஆமை இருக்கிறது. பிடித்தால் ஜெயில். விற்கவும் முடியாது. ஆகவே செத்த ஆமையைக் கடலில் எறிந்துவிடுகிறார்கள். அலை அதைக் கரையில் தள்ளுகிறது.

ஆமை அப்போது ஏன் கரைப் பக்கம் இருந்தது? முட்டையிடும் காலம், அதனால் இருந்தது. விசைப்படகு ஏன் கரைப் பக்கம் வந்தது? இறாலும் கரைப் பக்கத்தில்தான் நிறைய இருக்கிறது, அதனால் வந்தது.

ஐந்து மைல் சட்டம்

விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டுச் சட்டம். அது சுமார் 9 கிலோ மீட்டர் தூரம்.

கரையோரக் கடலைத் தனியாக ஒதுக்கும் ஏற்பாடு முதலில் ஆமைக்காக வந்தது அல்ல. கட்டுமரத்திலும் சிறு படகிலும் போகும் ஏழை மீனவருக்காக வந்தது. அவர்களால் தூரம் போக முடியாது. கரைக் கடலே அவர்கள் வயல். அதைப் பெரிய படகுகள் வாரிக்கொண்டு போகாமல் இருக்கவே எல்லை வகுத்தார்கள்.

ஆகவே 5 மைல் சட்டம் மீறப்படும்போது இருவர் பாதிக்கப்படுகிறார்கள். ஒருவர் கட்டுமரக்காரர். மற்றொன்று ஆமை. "ஆமையா, மீனவரா?" என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே தவறு. கரைக் கடலில் இருவருக்கும் ஒரே வேலிதான்.

"மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே!" என்று கேட்கலாம். இருக்கிறது. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். அது மீன் இனப்பெருக்கத்துக்காக வந்த தடை. ஆமை அதிகமாக வருவது ஜனவரி முதல் மார்ச் வரை. தடை தொடங்கும்போது பெரும்பாலான ஆமைகள் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கும்!

2025-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இந்த விஷயத்தைத் தானாகவே எடுத்துக்கொண்டு சர்க்காரிடம் விளக்கம் கேட்டது. வன இலாகா, மீன் இலாகா, கடலோரக் காவல் படை முதலியவை சேர்ந்த கூட்டுக் குழுவைச் சர்க்கார் அமைத்தது. ரோந்து நடந்தது. இது நல்ல காரியம். ஆனால் பிணம் ஒதுங்கிய பிறகு ரோந்து போவதைவிட, ஆமை வரும் முன்பே மார்கழியில் ரோந்து தொடங்குவதே பலன் தரும்.

வலையில் ஒரு கதவு

இன்னொரு வழியும் உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் விஞ்ஞானி அல்ல, ஒரு மீனவர்!

அமெரிக்காவில் ஜார்ஜியா என்று ஒரு ராஜ்யம். அங்கே சிங்கி பூன் என்ற இறால் மீனவர் இருந்தார். அவர் வலையில் சொறி மீன்கள் வந்து அடைத்துக்கொண்டு தொல்லை கொடுத்தன. அவற்றை வெளியே தள்ளுவதற்காக, வலைக்குள் கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாகப் பொருத்தினார். சிறிய இறால், கம்பிகளுக்கு இடையே நுழைந்து பின்னால் போயிற்று. பெரியவை கம்பியில் மோதி, மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறின. ஆமையும் அப்படியே வெளியேறியது!

இந்தக் கருவியைப் பொருத்த வேண்டும் என்று அமெரிக்க சர்க்கார் 1987-ல் விதி போட்டது. நம் நாட்டிலும் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம், நம் படகுகளுக்குத் தக்கபடி ஒரு கருவியைச் செய்தது. பிறகு ஏன் எல்லாப் படகிலும் அது இல்லை?

"திறப்பு வழியாக மீனும் போய்விடும், நஷ்டம் வரும்" என்பது மீனவரின் பயம். பயத்தில் நியாயம் உண்டு. கடன் வாங்கிப் படகு கட்டியவருக்கு ஒவ்வொரு கூடை மீனும் பணம். டீசல் செலவு வேறு கழுத்தை நெரிக்கிறது.

ஆனால் கருவி இல்லாததாலும் நஷ்டம் வந்தது. ஆமைக்குப் பாதுகாப்பு இல்லை என்று சொல்லி, இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்க முடியாது என்று 2019-ல் அமெரிக்கா கதவை மூடியது. வலையில் ஒரு கதவைத் திறக்காததால், வியாபாரத்தில் ஒரு பெரிய கதவு மூடியது!

ஆகவே மீனவரை அதட்டுவதால் பயன் இல்லை. கருவிச் செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும். சில மாதம் அவர்கள் படகிலேயே பொருத்தி, முன்னும் பின்னும் மீனை நிறுத்துக் காட்ட வேண்டும். கண்ணால் கண்டால் மீனவர் நம்புவார்.

ஒடிசாவைப் பாருங்கள்

ஒடிசாவில் கஹிர்மாதா, ருஷிகுல்யா என்ற கடற்கரைகள் இருக்கின்றன. அங்கே ஆமைகள் படை போலத் திரண்டு வரும். 2025 பிப்ரவரியில் ருஷிகுல்யாவில் மட்டும் ஏறக்குறைய 7 லட்சம் ஆமைகள் கரை ஏறின!

கஹிர்மாதாக் கடல் 1997-ல் சரணாலயம் ஆயிற்று. நவம்பர் 1 முதல் மே 31 வரை, ஏழு மாதம் அங்கே மீன்பிடிக்கத் தடை. மீனவருக்குக் கஷ்டம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆமை வரும் காலமும் தடைக் காலமும் ஒத்துப் போகின்றன. நம் கரைக்கு வேண்டியதும் அந்தப் பொருத்தமே.

ஒரு கரையில் காத்தால் மட்டும் போதாது. 2021-ல் ஒடிசாவில் அடையாளப் பட்டை மாட்டிய ஒரு ஆமை, 2025 ஜனவரியில் நாட்டின் மறு கோடியில், மகாராஷ்டிரத்தின் குகாகர் கடற்கரையில் முட்டையிட்டது! ஆமைக்கு ராஜ்ய எல்லை தெரியாது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

குஞ்சு முட்டையை விட்டு வந்ததும், வெளிச்சம் இருக்கும் பக்கம் ஓடும். கடல் மேல் வானம்தான் அதற்கு வெளிச்சம். தெரு விளக்கு அதைவிடப் பிரகாசமாக இருந்தால், குஞ்சு கடலை விட்டுத் தெருவுக்குப் போகும். சக்கரத்தில் நசுங்கும். ஆகவே கடலோர வீட்டுக்காரர்கள் ஜனவரி முதல் மே வரை, கடல் பக்கத்து விளக்கை இரவில் அணைக்கலாம்.

கரையில் குப்பை போட்டால் நாய் சேரும். நாய் சேர்ந்தால் முட்டை போகும். முட்டையிடும் ஆமையைக் கண்டால் டார்ச் அடிக்கக் கூடாது. சூழ்ந்து நின்று படம் பிடிக்கக் கூடாது. குஞ்சைக் கையில் எடுத்து வாளித் தண்ணீரில் விடக் கூடாது. மணலில் தானாக நடந்து போக விட வேண்டும்.

மீனவர் வலையில் ஆமை அசையாமல் கிடந்தால், செத்தது என்று முடிவு கட்ட வேண்டாம். மயக்கமாக இருக்கலாம். நிழலில் வைத்து, பின் பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஈரத் துணி போர்த்தினால், நுரையீரலில் உள்ள தண்ணீர் வடிந்து பிழைக்கக் கூடும்.

பங்குனி ஆமை நண்டையும், நத்தையையும், சொறி மீனையும் தின்கிறது. கடலின் கணக்கு அதனால் ஒழுங்காக நடக்கிறது.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் ஊரில் பழமொழி உண்டு. ஆனால் ஆமை யார் வீட்டிலும் புகவில்லை. வருஷத்தில் சில இரவுகள், பிறந்த மண்ணைத் தேடி வருகிறது. ஒரு மணி நேரம் தங்குகிறது. முட்டையைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அதன் வீட்டுக்குள் வலையோடு புகுந்தது மனிதன்தான்.

ஐந்து மைல் தூரமும், மூன்று மாதக் காலமும் விட்டுக் கொடுத்தால் போதும். ஆமையும் பிழைக்கும். கட்டுமரக்காரர் வீட்டு அடுப்பும் எரியும்.